நைட் முடித்த காலையில் ஏறியிருக்கும் பி.பி.யை என்ன செய்வது?

கேட்டவருக்கு வயது 38. பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர். 12 வருடமாக மூன்று ஷிப்ட், வாரம் ஒருமுறை மாறும். ஆண்டுப் பரிசோதனையில் பி.பி. 150/96 வந்திருக்கிறது. "நைட் முடிச்சு நேரா வந்திருக்கீங்க, அதனால ஏறியிருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விடுமுறை நாளில் வீட்டில் பார்த்தால் 132/84. ஷிப்டில் இருக்கிற எல்லோருக்கும் இது உள்ளதுதான் என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். ஷிப்ட்தான் காரணமா, மாத்திரை வேண்டுமா, நைட் வாரத்தில் அதை எப்போது போடுவது, பகல் வேலைக்கு மாற்றிக் கேட்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் அந்த 150/96. நைட் முடித்து வந்ததால் ஏறியது என்றால், மூன்று வாரத்தில் ஒரு வாரம் உங்கள் ரத்தக்குழாய்கள் அந்த அழுத்தத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அதைக் காரணம் காட்டி அந்த எண்ணைத் தள்ளிவிட முடியாது. விடுமுறை நாளின் 132/84 ஒன்றும் நிம்மதியாக இருக்கச் சொல்லும் எண் இல்லை. வீட்டில் பார்க்கும்போது சராசரி 135/85ஐத் தொட்டாலே உயர் ரத்த அழுத்தம் என்று எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் அதன் வாசலில் நிற்கிறீர்கள். இரண்டு அளவையும் ஒதுக்க முடியாது. உங்களிடம் இல்லாதது மூன்றாவது ஒன்று: நைட் முடித்து வீட்டுக்கு வந்து, பகலில் நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது அழுத்தம் எவ்வளவு இருக்கிறது? ஷிப்ட் வேலை அதிகம் கெடுப்பது அந்த நேரத்தைத்தான், அப்போது யாரும் அளப்பதில்லை.

ரத்த அழுத்தம் நாள் முழுக்க ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. இரவில் தூங்குபவருக்கு அது பகல் அளவிலிருந்து 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். இதயம், மூளை, சிறுநீரகம் மூன்றுக்கும் ஒரு நாளில் கிடைக்கும் ஓய்வு அந்த இறக்கம். இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காதவர்களுக்குப் பக்கவாதமும் இதய நோயும் சிறுநீரகச் சேதமும் கூடுதலாக வருகின்றன. இந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு பகுதி தூக்கத்தால் வருகிறது. இன்னொரு பகுதியை மூளையில் ஹைப்போதலாமஸில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிற ஒரு சின்ன நரம்பணுக் கூட்டம் நடத்துகிறது. அதுதான் உடம்பின் தலைமைக் கடிகாரம். சிறுநீரகத்துக்கும் ரத்தக்குழாய்ச் சுவருக்கும் அட்ரினல் சுரப்பிக்கும்கூடத் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள்.

தலைமைக் கடிகாரம் நேரத்தைத் திருத்திக்கொள்வது வெளிச்சத்தைப் பார்த்து. நைட் முடித்துக் காலை வெயிலில் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு நாளும் "இது பகல்" என்று அதற்கு மறுபடி உறுதியாகிவிடுகிறது. அதனால் ஒரு வார நைட்டில் அது முழுதாகத் திரும்புவதில்லை. நீங்கள் அதிகாலை 3 மணிக்கு பேரிங் கழற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளுக்குள் நடு இரவு. காலை 9 மணிக்குப் படுக்கும்போது உடம்பை விழிக்கவைக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறி, நரம்புகள் முடுக்கத்தில் இருக்கின்றன. சிறுநீரகமும் உப்பைப் பகல் கணக்கில் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. தூக்கம் வந்தாலும் அழுத்தம் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்குவதில்லை.

இது ஊகம் இல்லை. பாஸ்டனில் இரண்டு முறை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2009இல் வெளிவந்த ஆய்வில் 10 பேரை 28 மணி நேர 'நாளில்' வாழவைத்தார்கள். தூக்கமும் உணவும் உடல் கடிகாரத்துக்கு நேர் எதிராக வந்தபோது சராசரி ரத்த அழுத்தம் 3 சதவீதம் ஏறியது. இன்சுலின் கூடுதலாகச் சுரந்தும் ரத்தச் சர்க்கரை 6 சதவீதம் கூடியது. 2016இல் 14 பேரை வைத்து, நைட் ஷிப்டைப் போலவே தூக்கத்தை 12 மணி நேரம் தள்ளிப் பார்த்தார்கள். 24 மணி நேர சராசரியில் மேல் எண் (150/96 என்றால் அந்த 150) 3 புள்ளி ஏறியது. தூங்கும் நேரத்தை மட்டும் எடுத்தால் ஏற்றம் 5.6, விழித்திருக்கும் நேரத்தில் 1.6 மட்டுமே. இவர்கள் ஆரோக்கியமானவர்கள். அங்கே கம்ப்ரசர் சத்தம் இல்லை, உலைச் சூடு இல்லை, ஓவர்டைம் இல்லை, வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைப் பள்ளியில் விடும் வேலையும் இல்லை. நேரம் மாறியது ஒன்றுதான்.

தொழிற்சாலைகளிலிருந்தும் நீண்ட காலக் கணக்கு இருக்கிறது. ஜப்பானில் ஒரு எஃகு ஆலையின் ஆண் தொழிலாளர்களை 14 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2008இல் வந்தது. வயது, உடல் எடை, குடி, புகை எல்லாவற்றையும் கழித்த பிறகும், பகலில் மட்டும் வேலை செய்தவர்களைவிட மாறி மாறி ஷிப்ட் பார்த்தவர்களுக்கு ரத்த அழுத்தம் அதிகம் ஏறியிருந்தது. ஆக, உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: ஆம், ஷிப்டுக்கு இதில் பங்கு இருக்கிறது.

"எல்லோருக்கும் உள்ளதுதான், அவருக்கு 25 வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்ற பேச்சுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல பேரை மருத்துவரிடம் போகவிடாமல் தடுப்பது அதுதான். ஸ்வீடனில் ஒரு காகித ஆலைத் தொழிலாளர்கள் 504 பேரை 15 வருடம் கவனித்து 1986இல் வெளியிட்டார்கள். ஷிப்டில் 11 முதல் 15 வருடம் இருந்தவர்களுக்கு இதய நோய் ஆபத்து பகல் வேலையாட்களைப் போல 2.2 மடங்கு, 16 முதல் 20 வருடம் இருந்தவர்களுக்கு 2.8 மடங்கு. 20 வருடத்தைத் தாண்டியவர்களிடம் அது திடீரென்று குறைந்துவிட்டது! உடம்பு பழகிவிட்டது என்று தோன்றும். அதற்குச் சொல்லப்படும் விளக்கம் வேறு: தாங்க முடியாதவர்கள் அதற்குள் பகல் வேலைக்கு மாறிவிட்டார்கள், வேலையை விட்டுவிட்டார்கள், சிலர் நோயில் விழுந்துவிட்டார்கள். மிஞ்சியவர்கள் தாங்கும் உடம்பு உள்ளவர்கள். உங்கள் பிரிவில் 25 வருட சீனியர் ஒருவர் கல் மாதிரி நிற்கிறார் என்றால், அவரோடு சேர்ந்த மற்றவர்கள் இப்போது எங்கே என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் 12ஆம் வருடத்தில் இருக்கிறீர்கள். ஆபத்து ஏறும் காலம் இது.

ஷிப்டோடு சேர்ந்து வரும் வேறு சிலவற்றையும் பார்க்காமல் விடக் கூடாது. ஃபிட்டர் என்கிறீர்கள், அதனால் முதலில் கேட்பது வலி மாத்திரை. முதுகுக்கும் முட்டிக்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் என்று மருந்துக் கடையில் வாங்கிப் போடுகிறீர்களா? அவை சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கி பி.பி.யை ஏற்றும். ஏற்கெனவே பி.பி. மாத்திரை போடுபவருக்கு அதன் வேலையைக் கெடுக்கும். மூக்கடைப்புக்கு வாங்கும் சில மாத்திரைகளும் ஏற்றுபவைதான். அடுத்து சத்தம். 85 டெசிபலுக்கு மேல் நாள் முழுக்கக் கேட்டால் காது போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். சத்தம் நரம்பு வழியாக ரத்தக்குழாயையும் இறுக்குகிறது. காதடைப்பான் காதுக்கு மட்டுமான பாதுகாப்பு இல்லை. ஈயம் புழங்கும் இடத்தில் வேலை என்றால் ரத்தத்தில் ஈய அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் அழுத்தத்தை ஏற்றும். ஓவர்டைம் பற்றி உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து ஒரு கணக்கு வெளியிட்டன: வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவரோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் செய்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல்.

இன்னொன்று குறட்டை. உங்கள் வீட்டில் இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பது, எவ்வளவு தூங்கினாலும் கண் எரிவது இவை இருந்தால் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஷிப்டில் இருப்பவர்களிடம் இந்த நோய் பிடிபடாமல் போவது அதிகம், ஏனென்றால் அசதி எல்லாவற்றையும் நைட்டின் தலையில் போட்டுவிடுகிறோம். அதைச் சரி செய்யாமல் எத்தனை மாத்திரை போட்டாலும் அழுத்தம் கட்டுக்குள் வருவது கடினம்.

இப்போது செய்ய வேண்டிய முக்கியமான வேலை, சரியாக அளப்பது. ஆலை மருத்துவ அறையில் காலை ஆறரை மணிக் காட்சி எனக்கு நன்றாகத் தெரியும்: நைட் முடித்தவர்கள் வரிசையில் நிற்பார்கள், பஸ் போய்விடுமோ என்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள், முந்தின நிமிடம்தான் டீயும் பீடியும் முடிந்திருக்கும், உட்கார்ந்த உடனே சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றுவார்கள். அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது, ஏறியிருந்தாலும் சரி, ஏறாமல் இருந்தாலும் சரி. மேல்கையில் கட்டும் தானியங்கிக் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பட்டை உங்கள் கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும், சிறியதாக இருந்தால் எண் பொய்யாக ஏறும். டீ, காபி, புகை முடிந்து அரை மணி நேரம் போகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து 5 நிமிடம் பேசாமல் இருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள்.

எப்போது பார்ப்பது? காலை, மாலை என்று மற்றவர்களுக்குச் சொல்வது உங்களுக்குப் பொருந்தாது. தூங்கி எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு முறை, படுக்கப் போகும் முன் ஒரு முறை. அந்தத் தூக்கம் பகலோ இரவோ, விதி ஒன்றுதான். தேதிக்குப் பக்கத்தில் எந்த ஷிப்ட், எத்தனை மணி நேரத் தூக்கம் என்று இரண்டு கட்டம் சேருங்கள். மூன்று வாரம் எழுதினால் ஒரு முழுச் சுற்று வந்துவிடும். கிரேன் ஓட்டும் ஒருவர் இப்படி எழுதிய நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். பகல் ஷிப்ட் வாரத்தில் எல்லாம் எல்லைக்குள். நைட் வாரம் தொடங்கி மூன்றாவது நாளிலிருந்து கீழ் எண் 90க்குக் கீழே இறங்கவே இல்லை, தூக்கக் கட்டத்தில் 4, 4, 5 என்று இருந்தது. நைட் முடிந்த பிறகும் இரண்டு நாள் அப்படியே நீடித்து, பிறகுதான் இறங்கியிருந்தது. வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஒற்றை எண் இதில் எந்த நாளில் விழுந்தாலும் முழுக் கதையும் தெரியாது. அவருக்கு அந்தப் பக்கத்தை வைத்துத்தான் சிகிச்சையை முடிவு செய்தோம்.

இதற்கு மேல் ஒரு படி, 24 மணி நேரம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் பி.பி. கருவி. 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை தானே அளந்து பதிந்துகொள்ளும். பகல் தூக்கத்தில் என்ன நடக்கிறது என்பது இதில்தான் தெரியும். உங்கள் மருத்துவரிடம் நைட் வாரத்தில் போடச் சொல்லிக் கேளுங்கள். ஒரு விஷயத்தை மறக்காமல் சொல்லிவிடுங்கள்: கருவியின் கணக்கில் பெரும்பாலும் இரவு நேரம்தான் 'தூக்கம்' என்று முன்கூட்டியே போட்டிருக்கும். நீங்கள் படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் கொடுத்து அதை மாற்றாவிட்டால், நீங்கள் சுத்தியல் பிடித்துக்கொண்டிருந்த நேரம் தூக்கமாகவும், தூங்கிய நேரம் விழிப்பாகவும் அறிக்கையில் வரும். இப்படித் தலைகீழாக அச்சாகிவந்த அறிக்கைகள் ஏராளம். எல்லைகள் இவை: 24 மணி நேர சராசரி 130/80, விழித்திருக்கும்போது 135/85, தூக்கத்தில் 120/70. கடைசியானது தாண்டியிருந்தால் மற்ற இரண்டும் சரியாக இருந்தாலும் அது உயர் ரத்த அழுத்தம்தான்.

மாத்திரை வேண்டுமா என்பதை அந்த நோட்டும் ஒருசில சோதனைகளும் சேர்ந்து சொல்லும். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, இ.சி.ஜி. இவ்வளவும் முதல் முறையிலேயே பார்த்துவிட வேண்டும். உங்கள் எண்கள் நைட் வாரத்தில் மட்டும் எல்லையைத் தாண்டி, உறுப்புகளில் சேதம் எதுவும் இல்லையென்றால், உப்பு, எடை, புகை, தூக்கம் இவற்றைத் திருத்திச் சில மாதம் பார்க்க இடமுண்டு. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எல்லா வாரமும் தாண்டுகிறது அல்லது சேதம் தெரிகிறது என்றால் மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். தொடங்கினால் ஆயுள் முழுக்கப் போட வேண்டுமே என்று பயந்து தள்ளிப்போட்டவர்கள் பின்னால் பக்கவாதத்தோடு வருவதைப் பார்த்திருக்கிறேன். அது தவிர்த்திருக்கக் கூடியது என்பதுதான் தாங்க முடியாத விஷயம்.

மாத்திரை நேரம் பற்றி நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. பலர் அதைக் காலைச் சாப்பாட்டோடு சேர்த்துவிடுகிறார்கள். நைட் வாரத்தில் காலைச் சாப்பாடு தூக்கத்தில் போய்விடும், மாத்திரையும் அதோடு போய்விடும். அழுத்தம் அதிகம் இருக்கிற வாரத்தில் மருந்து இல்லாமல் போகிறது. பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வில், பி.பி. மாத்திரையைக் காலையில் போட்டவர்களுக்கும் இரவில் போட்டவர்களுக்கும் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. ஆகவே நேரத்தை உங்கள் வசதிக்கு வைத்துக்கொள்ளலாம். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று ஷிப்ட் மாறும் ஒருவர் மூன்று வாரத்திலும் நிச்சயம் விழித்திருக்கும் நேரம் எது என்று பாருங்கள்: மாலை 4 முதல் 8 வரை. மாலை 5 மணி என்று கைபேசியில் அலாரம் வையுங்கள். மதிய ஷிப்ட் வாரத்துக்காக ஒரு மாத்திரை அட்டையைப் பையில் போட்டுவையுங்கள். சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரை என்றாலும் அந்த நேரம் எந்த வாரத்திலும் தூக்கத்தைப் பெரிதாகக் கெடுக்காது. 24 மணி நேரம் தாங்கும் மாத்திரையாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஷிப்ட் ஆள் என்பதையும், உயரத்தில் ஏறுவீர்களா, சூட்டில் நிற்பீர்களா என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டு வாரம் எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம், அந்த நாட்களில் ஏணி வேலை வேண்டாம்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நைட் முடித்து வந்ததும் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துப் படுத்துவிடுங்கள். அறை முழு இருட்டாக இருக்கட்டும், கைபேசி வேறு அறையில். ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் வரவில்லை என்றால் காலையில் ஐந்து, வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்றரை என்று பிரித்துத் தூங்கலாம். காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும், ஆகவே அதிகாலை 2 மணிக்குப் பிறகு டீயும் காபியும் எனர்ஜி பானமும் வேண்டாம். நள்ளிரவிலிருந்து அதிகாலை 5 வரை வயிறு நிறையச் சாப்பிடுவதைத் தவிருங்கள். ஷிப்டுக்கு முன் ஒரு முறை, முடித்து வந்து லேசாக ஒரு முறை போதும். இவற்றில் எதுவும் வீட்டில் இருப்பவர்கள் ஒத்துழைக்காமல் நடக்காது. உங்கள் பகல் தூக்கம் சோம்பேறித்தனம் இல்லை, சிகிச்சையின் பகுதி என்று அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

பகல் வேலைக்கு மாற்றிக் கேட்கலாமா என்றால், கேட்கலாம், கேட்பதில் வெட்கமே வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1990ஆம் ஆண்டு இரவு வேலை உடன்படிக்கை, இரவுத் தொழிலாளிக்கு இலவச உடல் பரிசோதனையையும், உடல் தகுதி இல்லை என்று சான்று பெற்றால் முடிந்தவரை அதே போன்ற வேறு வேலைக்கு மாற்றுவதையும் உரிமையாகச் சொல்கிறது. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா, உள்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தொழிற்சங்கம் வழியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஷிப்டுக்குக் கிடைக்கும் படித்தொகை போய்விடும் என்ற கவலை நியாயமானது. அந்தப் பணத்தை நம்பிக் கடன் வாங்கியவர்கள் பி.பி.யை மறைப்பதும் அதனால்தான். நிர்வாகங்கள் இதைப் புரிந்துகொண்டு, மருத்துவக் காரணத்தால் மாறுபவருக்கு வருமானம் ஒரேயடியாக விழாமல் பார்த்துக்கொண்டால் மறைப்பது பாதியாகக் குறையும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மூன்று மருந்து போட்டும் கட்டுக்குள் வராத அழுத்தம், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தது, சிகிச்சை எடுக்காத மூச்சுத்தடை, இன்சுலின் போடும் சர்க்கரை நோய் இவற்றில் ஒன்று இருப்பவர்களுக்கு நைட்டை நிறுத்தச் சொல்லி நானே எழுதிக் கொடுப்பேன். உங்கள் நிலைமை இப்போது அங்கே இல்லை. அதற்கு முன் ஷிப்ட் சுழலும் திசையைப் பாருங்கள். மனிதக் கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம், அதனால் தாமதமாகப் படுப்பதை உடம்பு எளிதாக ஏற்கும், முன்கூட்டிப் படுப்பதை ஏற்காது. காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிச் சுழல்வது நல்லது. இரவு, மதியம், காலை என்பது கெட்டது. ஸ்வீடனில் போலீஸ்காரர்களுக்கு இந்தத் திசையை மட்டும் மாற்றிப் பார்த்து 1983இல் வெளியிட்ட ஆய்வில், முன்னோக்கிச் சுழன்றபோது அவர்களுடைய மேல் எண் குறைந்தது. இதற்கு நிர்வாகத்துக்கு எந்தச் செலவும் இல்லை, அட்டவணையைத் திருப்பி எழுதினால் போதும். ஒரு ஷிப்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் குறைந்தது 11 மணி நேரம் என்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் உள்ள அளவு. உங்கள் பிரிவில் ஓவர்டைம் என்ற பெயரில் இரண்டு ஷிப்டை ஒட்டிப் போடும் வழக்கம் இருந்தால் முதலில் அதிலிருந்து விலகுங்கள்.

மூன்று வார நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். நடுவில் எப்போதாவது 180/120ஐத் தொட்டு, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், வாய் கோணுதல், கை கால் மரத்தல், தாங்க முடியாத தலைவலி இவற்றில் ஏதாவது வந்தால் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, வண்டியை நீங்களே ஓட்டாமல், அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பகல் வேலை கிடைத்துவிட்டால் எண்கள் மறுநாளே இறங்கிவிடாது. பல வருடம் இறுகிய ரத்தக்குழாய் தளர நாள் பிடிக்கும், சிலருக்கு முழுதாகத் தளர்வதில்லை. மாறிய பிறகும் சில மாதம் அளந்து எழுதுங்கள், மாத்திரையைக் குறைப்பதானால் அந்தப் பக்கங்களை மருத்துவரிடம் காட்டிய பிறகு குறையுங்கள்.